கிளினிக் நாளின் பிரஷர்

யசோதாவைப் பற்றி அவள் ஊரான வத்தேகமயில் விசாரித்தால், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள் என்பார்கள். அவள் மருந்து கொடுப்பதில்லை. டொக்டர் எழுதிய மருந்து நோயாளிக்குப் பொருந்துகிறதா, அவர் அதை எப்படி விழுங்குகிறார் என்று பார்ப்பது அவள் வேலை. பல்கலைக்கழகத்தில் அதைத்தான் படித்தாள். கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரஷர் கிளினிக்கில் அதற்கென்று ஒரு மேசை தந்திருந்தார்கள். அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தால், "அப்ப பார்மசி எப்ப தொறக்கப் போற?" என்பார். சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பாப்பம்மா ஒரு கிளினிக் நாளில் அந்த மேசைக்கு வந்தாள். மலையில் அடிக்கடி மயங்கி விழுந்தவள். நெற்றியில் தையல். ஆனால் கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் பிரஷர் ஏறியே இருந்தது. டொக்டர் மஹ்மூத் ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரை கூட்டினார். அன்று நான்காவதையும் எழுதியிருந்தார்.

"மாத்திரைய ஒழுங்கா போடுறதில்லதானே?" என்றாள் யசோதா.

"ஒரு நாள் தவற மாட்டேன் மிஸ். எம் மருமகள கேளுங்க."

"மருமக எங்க?"

"மலைக்குப் போயிட்டா."

"அப்ப யார்கிட்ட கேக்கிறது? இன்னைக்குப் போட்டீங்களா?"

பாப்பம்மா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கிளினிக் நாளுல யாராச்சும் போடுவாங்களா? வெறும் வயித்தோடதானே வரணும். எங்க லயத்து வீடுங்கள்ல எல்லாரும் அப்பிடித்தான்."

எப்போதோ இரத்தம் எடுக்கச் சாப்பிடாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். அது எல்லாக் கிளினிக்குக்கும் விரதமாகிவிட்டது, மாத்திரையும் சேர்த்து. டொக்டர் பார்த்ததெல்லாம் மாத்திரை போடாத நாளின் பிரஷர். மற்ற நாட்களில் மூன்று மாத்திரையும் சேர்ந்து பிரஷரை அளவுக்கு மீறி இறக்கி அவளைச் சரிவில் தள்ளின. நான்காவதும் சேர்ந்தால் விழுகிற இடத்தில் கல் இல்லாமல் இருக்க வேண்டும்.

யசோதாவால் மாத்திரையைக் குறைக்க முடியாது. சொல்ல மட்டும் முடியும். வாசல்வரை நின்ற வரிசையைத் தாண்டி டொக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"இப்ப காட்டுற பிரஷர வச்சு எப்படிக் குறைக்கிறது?" என்றார் மஹ்மூத். "நாளைக்கு மருந்து குடிச்சிட்டு வரச் சொல்லுங்க."

"நாளைக்கு வர மாட்டாங்க டொக்டர். ஒரு நாள் சம்பளம் போயிடும்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"இங்கயே போடச் சொல்றேன். படுக்க வச்சுப் பாத்துட்டு முடிவெடுங்க."

"சரி. கட்டில் தேடுறது உங்க பாடு."

கட்டில் இருந்தது. அதன்மேல் பழைய கோப்புகள் இருந்தன. அவற்றைத் தூக்குவது யார் வேலை என்று தாதியும் சிற்றூழியரும் பேசி முடிப்பதற்குள் யசோதாவே தூக்கித் தரையில் வைத்தாள்.

பாப்பம்மா பையிலிருந்து ரொட்டியை எடுத்தாள். தின்றால் யாராவது ஏசுவார்கள் என்றாள். "நான்தான் ஏசப் போறேன், தின்னுங்க" என்றாள் யசோதா. வழக்கமான மூன்று மாத்திரைகளையும் விழுங்கவைத்துப் படுக்கவிட்டாள். வரிசை கரைந்த பிறகு எழுப்பி நிறுத்தினாள். பாப்பம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பிடித்தான் மிஸ். மலையிலயும் இப்பிடித்தான் கண்ணக் கட்டும்."

மஹ்மூத் வந்து தானே அளந்தார். மறுபடி அளந்தார். நான்காவதை வெட்டினார், மூன்றாவதையும் வெட்டினார். அவளைத் திரும்பப் படுக்கவைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

தலைச்சுற்றல் நின்று கதிரையில் வந்து உட்கார்ந்த பாப்பம்மா மருந்துப் பையைத் திறந்து பார்த்தாள்.

"இவ்வளவு தூரம் வந்து, ரெண்டுதானா மிஸ்?"

"ரெண்டுதான். வீட்டுல மிச்சம் கெடக்கிற மூணாவது மாத்திரைய அடுத்த முறை கொண்டாங்க."

"அத எதுக்குச் சுமக்கிறது? பக்கத்துக் காம்பரா அன்னலட்சுமிக்கும் பிரஷருதான். அவளுக்குக் குடுத்திர்றேன்."

"அவங்க ஏற்கனவே என்ன மாத்திரை போடுறாங்க?"

"எனக்கெப்பிடித் தெரியும்? செவப்பா ஒண்ணு."

பாப்பம்மா பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். யசோதா எழுந்து கதவருகே போய் நின்றாள்.

"உக்காருங்க பாப்பம்மா."