மகனின் தலைமயிர்

சுவிஸின் பீல் நகரில், கடிகாரக் கூடுகளை மினுக்கும் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர் ஆப்பிரிக்காவின் சயீர் நாட்டுக்காரர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணை என்றே கூப்பிடுவேன். அவருக்குப் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு, எனக்கோ பல்லுடைக்கும். அவர் சொன்னதை இங்கே என் பேச்சில்தான் எழுதுகிறேன்.

அவருடைய மனைவி பிரசவத்துக்குப் போய் மூன்று நாளாகியும் பிள்ளை பிறக்கவில்லை. இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாப்பாட்டு நேரத்தில் அவர் தன் குடும்பக் கதையைச் சொன்னார். ரப்பர் காட்டில் வெள்ளைக்காரனிடம் அடிபட்டுச் சாகக் கிடந்த பாட்டன், பிழைப்பதற்காகச் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டாராம். சாத்தான் கேட்டது மூத்த மகனின் தலைமயிரை மட்டும். பாட்டன் பிழைத்தார், மூத்த மகன் வாலிபத்திலேயே போனான். பிறகு, சுரங்கத்தில் அகப்பட்ட அப்பாவும் அதையே செய்தார். அண்ணனை ஆறு கொண்டுபோனது.

"அண்ணனைக் குடுத்துத்தான் அப்பா இருந்தவர். அதுக்குப் பிறகு பிறந்தவன் நான்," என்றார். "மனுசி செத்தாலும் நான் அவனிட்டைக் கேக்கமாட்டன்."

சைவக்காரனான எனக்குச் சாத்தானைப் பற்றி என்ன தெரியும்? மனதுக்குள் சிரித்தேன் என்பதை ஒளிக்கவில்லை. ஆனால் அந்த மனிதரைப் பார்க்கச் சகிக்கவில்லை. மெஷினடியில் கண்ணை மூடி, எங்கள் ஊர் அம்மனுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைத்தேன்.

மறுநாள் ஆண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அண்ணை, நான் நேத்தி வைச்சனான். என்ரை மகனுக்கு மொட்டை போடுறன் எண்டு."

அவர் கோப்பியை மேசையில் கொட்டிவிட்டார்.

"உம்மடை மூத்த மகன்ரை தலைமயிரோ?"

"ஓம். எங்கடை வழக்கம். மயிர்தானே, திரும்ப முளைக்கும்."

"என்ரை பாட்டனும் அப்பிடித்தான் சொன்னவர்."

அம்மன் சாத்தானில்லை என்று வாதாடினேன்.

"கேட்டது ஆர் எண்டு பாட்டனுக்கும் அப்ப தெரியாது," என்றார்.

என் மகனுக்கு நாலு வயது. யாழ்ப்பாணத்தில், ஷெல் விழுகிற ஊரில், தாயோடு இருந்தான். எனக்கோ இங்கே அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அவன் தலையில் யாரும் கைவைக்கக் கூடாது என்று அன்றே மனைவிக்கு எழுதினேன். சும்மா பயம் என்று என்னையே திட்டிக்கொண்டுதான் முத்திரை ஒட்டினேன்.

அந்தக் கடிதம் போய்ச் சேரமுன்னமே அவளுடையது வந்தது. உள்ளே ஒரு படம். கோயில் வாசலில், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மகன் அழுதுகொண்டு நிற்கிறான். கீழே எழுதியிருந்தாள்: "உங்களைத் திருப்பி அனுப்பக்கூடாது எண்டு நேத்தி வைச்சனான். போன வெள்ளிக்கிழமை செய்தாச்சு."

படத்தை வேலைக்குக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, நெடுநேரம் பார்த்தார்.

"இது என்ரை பிள்ளைக்காகவோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை," என்றேன். "எனக்காக."