தனிப் பீங்கான்

சண்டைக் காலம் முடிந்து, கப்பல் குசினியில் சமைக்கிற வேலையை விட்டு என் கணவரின் தம்பி ஊர் திரும்பியதும், அவனுக்குச் சாப்பாட்டுப் பீங்கானைத் தனியாக வைத்துவிட்டேன். மாடும் பன்றியும் தின்றிருப்பான் என்பது என் எண்ணம். எங்கள் வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை.

ஒருநாள் இத்தாலிக்காரரின் பீட்சா சுடப்போவதாகச் சொன்னான். நான் குசினி வாசலை விட்டு அசையவில்லை. அப்பத்துக்கு விடுகிற கள்ளை விட்டுக் கோதுமை மாவைப் புளிக்க வைத்திருந்தான். அதைத் தட்டி, தக்காளியும் வெங்காயமும் பரப்பினான். பிறகு ஒரு சட்டியிலிருந்து வெள்ளையாக எதையோ வழித்தான்.

"உதென்ன?" பாய்ந்து கேட்டேன்.

"தேங்காய்ப்பால், மச்சாள். காய்ச்சி இறுக்கினனான். அவங்கள் சீஸ் போடுவாங்கள். அதைக் கண்டுக்குட்டியின்ரை இரைப்பையாலை உறைய வைக்கிறவங்கள். அதை அறிஞ்ச நாளிலையிருந்து நான் தொடேல்லை."

"அப்ப இறைச்சி?"

"ஒருநாளும் தின்னேல்லை. நீங்கள் கேக்கேல்லையே."

பொய்யோ என்று முகத்தைப் பார்த்தேன். அவன் மாவிலேயே கண்ணாக இருந்தான்.

அதைச் சட்டியில் வைத்து மூடி, மூடிமேலும் தணல் போட்டுச் சுட்டு, முதல் துண்டை எனக்குத் தந்தான். தன் துண்டுக்கு அந்தத் தனிப் பீங்கானைத் தானே எடுத்தான். நான் அதை வாங்கி, என் துண்டை அதில் வைத்துத் தின்றேன்.

ருசி எப்படி என்று கேட்டான். இன்னொரு துண்டுக்கு அந்தப் பீங்கானை நீட்டினேன்.