அண்ணன் ஆசிட் ஊற்றிய சுவர்

அண்ணாத்தே! கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நீ இல்லை என்று தெரியும். வாய்தான் கேட்கமாட்டேன் என்கிறது.

மண்ணூர்பேட்டையில் எங்களுக்கு வாடகைக்கு ஒரே அறை. அம்மா, அப்பா போன பிறகு நானும் அண்ணனும் மட்டும். பின்சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம். சித்திரை வெயிலிலும் அது காயாது. எனக்கு இழுப்பு உண்டு. அந்த வாடைக்கு உட்கார்ந்தபடியேதான் தூங்குவேன். ஓனர் பொங்கலுக்குப் பொங்கல் மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போவார்.

ஒரு நாள் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துச் சுவரில் அடித்தோம். கறை போகவில்லை. அண்ணனுக்குப் பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், இரும்புக்கு முலாம் பூசும் பிளேட்டிங் கம்பெனியில் வேலை. அங்கே துரு எடுக்கும் ஆசிட்டை உடனே போய் ஒரு கேனில் கொண்டு வந்தான்.

"இரும்புத் துருவையே துன்னுது. இந்தப் பூசணம் இன்னா பெரிய ரவுடியா?"

நானும் தேய்க்கிறேன் என்றேன்.

"உனுக்கு இழுப்பு வந்தா எவன் பாக்கறது? வெளிய போ பாப்பா."

என்னைத் தள்ளிவிட்டுத் தாழ் போட்டான். நெடி என் பக்கம் வரக்கூடாது என்று ஜன்னலையும் சாத்தினான்.

கம்பெனியில் கொட்டகை திறந்து கிடக்கும், பெரிய ஃபேன் ஓடும். இங்கே எதுவும் இல்லை. பவுடர் காயாத சுவரில் ஆசிட் பட்டதும் கதவிடுக்கு வழியே மஞ்சளாகப் புகை கிளம்பியது. இருமினான். பிறகு கதவை உதைத்தான். தாழ்ப்பாள் கைக்குச் சிக்கவில்லை போல. வாசலில் கிடந்த அம்மிக் குழவியால் கதவை அடித்துப் பிளந்தேன். வாயில் நுரையோடு என் காலில் விழுந்தான். ஆட்டோவில், என் மடியிலேயே அடங்கிவிட்டான்.

காரியம் முடிந்த மறுநாள் கடப்பாரையால் அந்தச் சுவரைக் குத்தினேன். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. நிறுத்தவில்லை. மாடியிலிருந்து ஓனர் ஓடி வந்தார்.

"இன்னாம்மா, பைத்தியமா புட்ச்சிகீது? யார் ஊட்டுச் செவுரு?"

"கிட்ட வராத. உன் மண்டைலயும் எறங்கும்."

காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே அவருடைய மாடி பாத்ரூம் குழாய். மூட்டு விட்டுத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அவர் பிடரியைப் பிடித்து முகத்தை அந்த ஈரத்தில் வைத்துத் தேய்த்தேன்.

"பாருய்யா! நீ குளிச்ச தண்ணி. இதுக்கா எங்கண்ணன் செத்தான்?"

அவர் திருப்பி அடிக்கவில்லை. அன்றே குழாயை மாற்றினார்.

இப்போது சுவர் காய்ந்துவிட்டது. எனக்கு இழுப்பு வருவதில்லை. மூச்சு நன்றாக வருகிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் பூசணம் பிடித்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பவுடரோடு ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, என் அண்ணனுக்காக எல்லோரும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். போன இடத்திலாவது அவனுக்கு நல்ல காற்று கிடைக்கட்டும்.