புரட்டாசியில் ஐஸ் நின்ற கதை

கடகடவென்று ஒரு சத்தம். ஃபிரிட்ஜின் வயிற்றுக்குள் ஐஸ் கட்டிகள் தட்டில் விழும் சத்தம்.

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அது விழும்போதெல்லாம் கிள்ளானில் நடந்த என் கல்யாணம் கண்ணுக்குள் வரும். மண்டபத்துக்குப் பின்னால், பாளம் பாளமாய் ஐஸைச் சாக்கில் சுற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உலக்கையால் உடைத்துக்கொண்டிருந்தான் ஒருவன். மீசையெல்லாம் வெள்ளைத் தூள். என் மனைவி செல்வியின் தம்பி, குமரன். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ரோஸ் சிரப் கலக்க வேண்டுமே!

போன வாரம் அந்தச் சத்தம் நின்றுபோனது.

ஒரு நாள்... இரண்டு நாள்... கதவில் கிளாஸை வைத்து அழுத்தினால் உர்ர் என்று உறுமும். ஐஸ் மட்டும் வராது. தொண்டையைச் செருமிவிட்டு, பேசாமலே உட்கார்ந்துவிடும் சங்கத் தலைவரைப் போல.

"குமரனைக் கூப்பிடுங்களேன்" என்றாள் செல்வி.

குமரன் கிள்ளானில் ஃபிரிட்ஜ், ஏர்கோன் ரிப்பேர் செய்கிறவன். கூப்பிடலாம்தான். ஆனால் நாங்கள் பேசி இரண்டு வருஷமாகிறது. ஏன்? இந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினேன். அவனுக்கும் அதே. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வாசலில் போய் நின்று அழைக்க வேண்டிய மச்சானுக்கு — ஒரு பிடிஎஃப்! இரண்டு நீல டிக் விழுந்தது. ஆள் வரவில்லை. 'பிடிஎஃப்ல கூப்பிட்டா சாப்பாட்டையும் பிடிஎஃப்லயே அனுப்பிடச் சொல்லுங்க' என்று உறவில் யாரிடமோ சொன்னானாம்.

அடுத்த மாதம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் இல்லாமல் எப்படி? செல்வி அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. ஐஸைத்தான் கேட்டாள்.

யூடியூப் இருக்கும்போது மச்சான் எதற்கு? நானே இறங்கினேன்.

தண்ணீர் வால்வை மூடித் திறந்தேன். ஃபில்டரை மாற்றினேன். 'குழாய் உறைந்திருக்கும்' என்றார் ஒரு வீடியோ ஆசாமி. செல்வியின் ஹேர் டிரையரை எடுத்து அரை மணி நேரம் குழாய்க்குத் தலை உலர்த்திவிட்டேன். கடைசியில் பின்னால் ஏதோ ஒரு ட்யூப் கழன்று, சமையலறை முழுக்கத் தண்ணீர்.

"ஏங்க, மீன் வளக்கப் போறீங்களா? அதுவும் புரட்டாசியில?"

எனக்குத் திக்கென்றது.

ஏனென்றால், எல்லாவற்றையும் கழற்றிய நான் ஒன்றை மட்டும் தொடவே இல்லை. ஐஸ் விழும் அந்தத் தட்டு. புரட்டாசி பிறப்பதற்கு முதல் நாள் செல்வி ஃபிரிட்ஜைக் கழுவித் துடைத்து, இருந்த கோழி, மீன் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுச் சீன ஆன்டிக்குக் கொடுத்துவிட்டாள். ஒரே ஒரு பொட்டலம் இறாலை மட்டும் என்னால் பிரிய முடியவில்லை. கிள்ளான் இறால்... விரல் நீளம்... கதவிலேயே ஐஸ் எடுக்கும் வீட்டில், உள்ளே தட்டை யார் இழுத்துப் பார்க்கப்போகிறார்கள்?

(நாளிதழில் நான் எழுதும் இந்தப் பத்தியைச் செல்வி படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

ஐந்தாம் நாள் போனை எடுத்தேன். வாட்ஸ்அப்பில் டைப் செய்ய ஆரம்பித்த என்னைச் செல்வி ஒரு பார்வை பார்த்தாள். நேராகவே கூப்பிட்டேன்.

"ஹலோ, சொல்லுங்க பாஸ்."

பாஸ்! முன்பின் தெரியாதவனைக் கூப்பிடும் பாஸ்!

"ஐஸ் மேக்கர் ஓடல மச்சான்."

"அட்ரஸ் அனுப்புங்க பாஸ். நான் அந்த வீட்டுக்கு வந்ததில்ல."

குத்து சரியான இடத்தில் இறங்கியது.

வந்தான். மீசையில் இப்போது நரை. ஹாலில் அக்காவிடம் ஒரு தேநீர் வாங்கிக் குடித்தான். என் பக்கம் திரும்பவில்லை. சமையலறைக்கு வந்து ஃப்ரீசரைத் திறந்தவன், நேராக அந்தத் தட்டின் மேல் கை வைத்தான்.

"அது வேணாம் மச்சான்! அங்க ஒண்ணும் இல்ல. பின்னால பாரு... வால்வப் பாரு..."

"ரிப்பேர் நீங்களா, நானா?"

இழுத்தான். ஐஸுக்கு நடுவே, நாளிதழில் சுற்றிய பொட்டலம்.

தட்டுக்கு மேலே ஒரு கம்பி உண்டாம். ஐஸ் நிறைந்தால் கம்பி மேலே தூக்கிக்கொள்ளும். இயந்திரம் 'போதும்' என்று நிறுத்திவிடும். நாள்பட விழுந்த ஐஸ் என் பொட்டலத்தை மெல்ல மெல்ல நெம்பி, அந்தக் கம்பிக்கே முட்டுக் கொடுத்திருக்கிறது. பொட்டலத்தின் மறுமுனை, கதவுக்கு ஐஸ் போகும் வழியையும் அடைத்துவிட்டது.

சுற்றியிருந்த காகிதத்தில் என் புகைப்படம் சிரித்தது. இதே பத்திதான். விரதமும் மன உறுதியும் பற்றி எழுதிய வாரம். நீங்கள்கூடப் பாராட்டிக் கடிதம் போட்டீர்களே!

"என்னடா தம்பி, என்னதான் கோளாறு?" — ஹாலிலிருந்து செல்வி.

குமரன் பொட்டலத்தைப் பார்த்தான். புகைப்படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். இரண்டு வருஷக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள அவனுக்கு ஒரு வாக்கியம் போதும்.

"சின்ன பார்ட் ஒண்ணு மாட்டிக்கிச்சுக்கா. கழட்டிட்டேன்" என்றான். பொட்டலத்தைத் துணியில் சுருட்டி டூல்ஸ் பைக்குள் தள்ளினான். பிறகு என் காதருகே, "உங்க போட்டோவப் போத்திக்கிட்டு எப்படித் தூங்குது பாருங்க அத்தான்!"

அத்தான்!

கம்பி இறங்கியது. உள்ளே ஏற்கெனவே உறைந்து காத்திருந்த கட்டிகள், பத்து நிமிஷத்தில் கடகடவென்று விழுந்தன. செல்வி ஓடி வந்து தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அவள் கண் கலங்கியது ஐஸுக்காக இல்லை.

யோசித்துப் பார்க்கிறேன்... நமக்குள்ளும் இப்படி ஒரு கம்பி இருக்கிறதோ? 'எல்லாம் நிறைந்துவிட்டது, இனி யாரும் வேண்டாம்' என்று நம்மை நிறுத்திவைத்துவிடுகிறது. கையை விட்டுத் துழாவினால், நிறைந்திருப்பது நாம் ஒளித்துவைத்த ஏதோ ஒரு பொட்டலம்.

வேன் வரைக்கும் அவன்கூடப் போனேன்.

"அன்னிக்கு நான் நேர்ல வந்து கூப்பிட்டிருக்கணும் மச்சான். தப்புதான். நிச்சயதார்த்தத்துக்குத் தட்டோட வரேன். நீதான் முன்னால நிக்கணும்."

குமரன் வேனை ஸ்டார்ட் செய்தான். பக்கத்து சீட்டிலிருந்த டூல்ஸ் பையை ஒரு தட்டுத் தட்டினான்.

"புரட்டாசி முடிஞ்சதும் அக்காவையும் கூட்டிக்கிட்டு வாங்க அத்தான். இறால் பெரட்டல் நானே போட்டு வைக்கிறேன். அக்கா கேட்டா... அது என் வீட்டு இறாலு லா."