பௌர்ணமிக்கும் ஓடும் வண்டி

அக்காவைப் பற்றி இந்த நினைவு மலரில் யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, நான் எழுதுகிறேன் என்று முந்திக்கொண்டேன். அக்காவின் கணவரான எங்கள் மாமா சிரித்துவிட்டு, "நீ எழுதினா ஜீப்பப் பத்திதான் எழுதுவ மச்சான்" என்றார். அது உண்மைதான். அந்த வண்டியை விட்டுவிட்டு அக்காவின் கடைசி ஆண்டுகளைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் முறைப்படி பிறப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா கீழ்பென்னாத்தூரை அடுத்த எங்கள் நிலத்து வீட்டில், மல்லாட்டைக் கடலை பிடுங்கும் பருவத்தில் பிறந்தவர். எனக்கும் அவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். அப்பா மறைந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கவில்லை. அக்கா கல்லூரியில் இருந்தார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அம்மா பிறந்த ஊரான அடி அண்ணாமலைக்கு வந்தோம். அக்கா தேர்வு எழுதி வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தார். அம்மாவைத் தனியே விட மாட்டேன் என்பதைப் பெண் பார்க்க வந்த எல்லாரிடமும் முதல் பேச்சாகவே சொன்னார். பலர் காபியோடு எழுந்து போனார்கள். மாமா மட்டும் உட்கார்ந்திருந்தார். வீட்டோடு வந்த மாப்பிள்ளை என்று ஊர் கேலி பேசியதை மாமா இன்றுவரை காதில் வாங்கவில்லை. கிரிவலப் பாதையில் அவர் வைத்த பூஜைப் பொருள் கடைதான் இன்றும் எங்கள் வீட்டின் முன்பக்கம்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று மருத்துவர் சொன்ன நாளில் அக்கா அழவில்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றால் எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். காலையில் அம்மாவை ஆட்டோவில் மருத்துவமனையில் விட்டு, அங்கிருந்து அலுவலகம் போய், மதியம் அனுமதி கேட்டு வந்து, அம்மாவை வீட்டில் சேர்த்துவிட்டு மறுபடியும் அலுவலகம் போவார். இது ஓடிக்கொண்டிருந்தது. ஓடாத நாள் ஒன்று மாதம்தோறும் வந்தது.

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. பௌர்ணமி என்றால் நீங்கள் மலை சுற்ற வருவீர்கள். எங்களுக்கு அன்று வாசலைத் தாண்டி வண்டி போகாது. பாதை முழுவதும் தலைகள். ஆட்டோக்காரர்களைத் தடுப்பிலேயே நிறுத்திவிடுவார்கள். மாமாவுக்கு மாத வியாபாரமே அன்றுதான். கடையை விட்டு நகர முடியாது. ஒரு சித்திரைப் பௌர்ணமி அன்று அம்மாவின் டயாலிசிஸ் முறை வந்தது. கூட்டத்துக்குள் அம்மாவைத் தோளில் சாய்த்தபடி அக்கா நடத்திக் கூட்டிப்போனார். பாதி வழியில் அம்மாவால் முடியவில்லை. சாமியார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த இடத்தில், அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா ஆட்டோ கிடைக்குமா என்று தடுப்புவரை ஓடிப்போய்த் திரும்புவதற்குள், யாரோ ஒரு குடும்பம் அம்மா கையில் சாம்பார் சாதத் தொன்னையை வைத்து, குழந்தையோடு காலில் விழுந்திருக்கிறது.

"நீ என்ன பண்ண?" என்று அக்கா கேட்டாராம்.

"என்னடி பண்றது, ஆசீர்வாதம் பண்ணிட்டேன். கொழந்த நல்லா இருக்கட்டும்."

எப்படியோ மருத்துவமனை போய் முறையை முடித்துவிட்டு வந்து, இதைச் சொல்லி அம்மாவும் அக்காவும் அன்றிரவு சிரித்தார்கள். அக்கா சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "டேய், எனக்கு ஒரு வண்டி வேணும். தினமும் ஓடற வண்டி" என்றார்.

அந்த 'தினமும்' என்ற சொல்லை நான் சரியாகக் கேட்கவில்லை. நல்ல மைலேஜ் தருகிற சிறிய கார்களாகக் காட்டிக்கொண்டிருந்தேன். அக்கா போனைக் கீழே வைக்கச் சொன்னார். "பௌர்ணமிக்கு இது எந்த வழியாடா போவும்? அம்மா கிட்னிக்கு பௌர்ணமி லீவு இல்ல." அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல். வயலைத் தாண்டினால் ஏரி. ஏரிக்கரை ஏறினால் பஸ் போகிற சாலை. டிராக்டரைத் தவிர எதுவும் போகாத வழி. அதில் போகிற வண்டிதான் அக்காவுக்கு வேண்டியிருந்தது.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றவுடன் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மாவட்டம் முழுக்க அலைந்தேன். கடைசியில் கீழ்பென்னாத்தூரில் மூடிக்கிடந்த அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு பழைய டீசல் ஜீப் நின்றிருந்தது. உள்ளே ஆட்டுக்குட்டிகள் படுத்திருந்தன. தரைத்தகடு இருந்த இடத்தில் தரையே தெரிந்தது. இன்ஜின் மட்டும் இறுகிப் போயிருக்கவில்லை. அக்கா அதைச் சுற்றி வந்து, டயரை ஒருமுறை உதைத்துப் பார்த்து, "குட்டிங்கள எறக்கிட்டு எடுத்துட்டு வா" என்றார்.

என் மனதில் ஒரு ஜீப் இருந்தது. பெரிய டயர், கூரையில் வரிசையாக விளக்கு, முன்னால் இரும்புக் கயிறு சுற்றும் இயந்திரம். அக்கா மனதில் வேறொரு ஜீப் இருந்தது. பட்டறையில் நான் படங்களைக் காட்டியபோது அவர் கேட்டவை இரண்டே கேள்விகள். காலையில் ஒரே செல்ஃபில் கிளம்புமா? அம்மா எப்படி ஏறும்? பெரிய டயர் போட்டால் வண்டி இன்னும் உயரும். என் பெரிய டயர் அங்கேயே போயிற்று. விளக்குகளும் போயின. அந்தச் செலவு ரேடியேட்டருக்கும் பிரேக்குக்கும் போனது. புதிய தரைத்தகடு வைத்தோம். பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டையில் ஒரு தகட்டைக் கழற்றிக் குலுக்கலைக் குறைத்தோம். உடைக்கப் போட்டிருந்த ஒரு காரிலிருந்து சாய்கிற சீட் ஒன்றை எடுத்து இடப்பக்கம் பொருத்தினோம். டயாலிசிஸ் முடிந்து வரும்போது சில நாள் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் விழுந்துவிடும். உடனே படுக்க வேண்டும்.

கைப்பிடியில்தான் சண்டை வந்தது. ஜீப்பில் ஏறப் பிடிக்கிற கைப்பிடி முன்கண்ணாடி ஓரமாக இருக்கும். இடப்பக்கம் ஏறுகிறவர் அதை இடக்கையால்தான் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாயை இணைத்துத் தைத்திருப்பது இடக்கையில். அந்தக் கையால் எதையும் இழுக்கக் கூடாது. எனவே கைப்பிடியை சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பத்தில் வைக்கச் சொன்னார் அக்கா. வெல்டர் அண்ணன் ஒப்பவில்லை.

"எந்த ஜீப்லயும் கைப்பிடி பின்னாடி இருக்காதும்மா. பாக்கறவங்க சிரிப்பாங்க."

"எந்த ஜீப்லயும் எங்கம்மா ஏறலியேண்ணா. வைங்க."

வைத்தார். கீழே ஒரு படியும் வைத்தார். அக்கா தன் இடக்கையை முந்தானையால் உடம்போடு கட்டிக்கொண்டு, வலக்கையால் மட்டும் பிடித்து, ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பார்த்தார். படி இன்னும் கொஞ்சம் கீழே வேண்டும் என்றார். வெல்டர் அண்ணன் மறுபடியும் பற்றவைத்தார்.

பாதை மறித்த நாளில் வண்டி முதன்முதலாகக் கிளம்பியது ஓர் ஐப்பசிப் பௌர்ணமி அன்று. முந்தின வாரமெல்லாம் மழை. அக்கா ஓட்ட, அம்மா பக்கத்தில், நான் பின்னால். வயல் வரப்பு தாண்டி, ஏரி ஓரச் சேற்றில் இறங்கியதும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. நாலு சக்கர லீவரைப் போட்டாகிவிட்டது, முன்சக்கரம் அசையவில்லை. அம்மா மணி பார்த்தார். தாமதமானால் அந்தப் படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அந்தப் பழைய வண்டிகளில் லீவர் மட்டும் போதாது. கீழே இறங்கி, இரண்டு முன்சக்கரத்தின் நடுவிலும் இருக்கும் குமிழைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். கிளம்பும்போதே திருப்பியிருந்தோம். ஆனால் எங்கள் பெயிண்டர், அழகாக இருக்கட்டும் என்று, எந்தப் பக்கம் பூட்டு, எந்தப் பக்கம் திறப்பு என்ற எழுத்துகளின் மேலேயே கறுப்பு அடித்துவிட்டிருந்தார். பூட்டுவதாக நினைத்துத் திறந்து வைத்திருந்தோம். அக்கா இறங்கினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்று, இரண்டு பக்கமும் எதிர்த்திசையில் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். வண்டி ஒரு உறுமு உறுமி, கரை மேல் ஏறி, பஸ் சாலையில் போய் நின்றது.

"சாமி மலை சுத்துதுங்க ஜனங்க, நாம ஏரியச் சுத்தறோம்" என்றார் அம்மா.

அன்று மாலையே அக்கா தன் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்து, பூட்டும் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார். எதிர்ப்பக்கத்தில் ஒன்றும் வைக்கவில்லை. பொட்டு இருக்கும் பக்கம் திருப்பு, அவ்வளவுதான் என்றார். வண்டியை அவர் கழுவி நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் காலையில் ஆயில் பார்க்காமல் எடுத்ததும் இல்லை. வேங்கிக்கால் அலுவலகத்தில் 'ஜீப்பு மேடம்' என்றே பெயர். முதலில் கேலியாகச் சொன்னார்கள். ஊரில் இன்னொரு வீட்டுப் பெரியவருக்கும் டயாலிசிஸ் என்று தெரிந்ததும், பின்சீட்டில் அவருக்கு இடம் என்றானது. ஒரு பௌர்ணமி அன்று பிரசவ வலி வந்த பெண்ணையும் ஏரி வழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தக் குடும்பம் நன்றி சொல்ல வந்தபோது அக்கா டயருக்குக் காற்றடிக்கப் போயிருந்தார்.

என்னைப் பற்றி ஒன்று. ஒரு வேலையில் நிலைத்து நிற்காதவன் என்று சொந்தங்களுக்கெல்லாம் தெரியும். அக்கா அதற்காக என்னைத் திட்டியதில்லை. "நீ போ, சுத்திட்டு வா. இங்க நான் இருக்கேன்" என்பார். நான் சுற்றியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் பலத்தில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சென்ற ஆண்டு ஒரு காலையில் தலைவலிக்கிறது என்று சொல்லியபடியே அக்கா அம்மாவைக் கூட்டிப்போனார். வண்டியை ஒழுங்காக நிறுத்தினார். அம்மாவைப் படுக்கையில் சேர்த்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மருத்துவர்கள் எவ்வளவோ முயன்றார்கள். நினைவு திரும்பாமலே எங்களை விட்டுப் பிரிந்தார். நான் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தபோது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜீப் சாவி அவர் உள்ளங்கையில் அழுந்தித் தடம் பதிந்திருந்தது. மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

அக்காவை வழியனுப்பிய மறுநாள் பால் தெளிக்கும் சடங்கு. அன்றே அம்மாவின் முறையும் வந்தது. துக்க வீட்டிலிருந்து அம்மா வெளியே போகலாமா என்று பேச்சு எழுந்தது. ஒரு நாள்தானே, விட்டால் என்ன என்றார் பெரியப்பா. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அழுது அழுது துவண்டிருந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார். பந்தலில் எல்லாரும் அம்மா முகத்தைப் பார்த்தோம். அக்கா விழுந்த களேபரத்தில் முந்தின முறையே தவறியிருந்தது. கால் வீங்கத் தொடங்கியிருந்தது. இன்னொன்றும் போனால் என்ன ஆகும் என்பது எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் இல்லை.

அம்மா எழுந்தார். "அவ இருந்த வரைக்கும் ஒரு நாளும் விடல. ஒரு நாளுன்னு ஆரம்பிச்சா அப்புறம் அதுவே பழகிடும். தம்பி, வண்டிய எடு."

பால் தெளித்துவிட்டு நான் எடுத்தேன். அதுவரை அந்த வண்டியை நான் ஆசைக்கு ஓட்டியிருக்கிறேன். அம்மாவை வைத்துக்கொண்டு ஓட்டியதில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் அம்மா பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது. அக்கா அவற்றை எப்படிக் கடந்தார் என்று அன்றைக்கு யாரைக் கேட்பது?

பிறகு வண்டியைப் பற்றி இரண்டு யோசனைகள் வந்தன. ராசியில்லாத வண்டி, தள்ளிவிடு என்றார்கள் சிலர். அக்கா நினைவாகப் புதுப்பெயிண்ட் அடித்து, மாலை போட்டு, ஷெட்டில் நிறுத்தி வை என்றார்கள் வேறு சிலர். இரண்டாவது யோசனையில் எனக்கும் ஒரு மயக்கம் இருந்தது. அது எப்படி ஜொலிக்கும் என்று எனக்குத்தான் தெரியும். மாமா ஒரே கேள்வி கேட்டார்: "அப்ப அத்தை எதுல போவாங்க?" வண்டி நிற்கவில்லை. வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நானும் இங்கே இருந்துவிட்டேன். கால் பரபரக்கிற நாட்கள் உண்டு. இல்லையென்று சொன்னால் அக்காவே நம்ப மாட்டார். ஆனால் வாரம் மூன்று காலை எனக்கு வேறு ஊர் கிடையாது.

அக்கா மறைந்த வேளையில் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். விதைத்த வயலின் ஓரத்தை ஒவ்வொரு பௌர்ணமிக்கும் எங்கள் சக்கரத்துக்கு விட்டுக்கொடுக்கும் பக்கத்து நிலத்து அண்ணனுக்கும் அண்ணிக்கும். அம்மா வர அரை மணி தாமதமானாலும் படுக்கையைப் பிடித்துவைத்த செவிலியர் தங்கைகளுக்கு. அக்காவின் மேசையை உடனே காலி செய்யாமல் காரியம் முடியும்வரை அப்படியே விட்டுவைத்த அலுவலக நண்பர்களுக்கு. அன்று சொன்னதை மறந்துவிட்டு, இன்று வரை அம்மாவுக்கு உப்பில்லாக் கஞ்சி வைத்து அனுப்பும் பெரியப்பா வீட்டுக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அக்காவின் முதலாண்டு நினைவு நாள் அம்மாவின் முறை நாளில் அமைந்துவிட்டது. தேதியை மாற்ற அம்மா சம்மதிக்கவில்லை; முறையை மாற்ற நான் சம்மதிக்கவில்லை. ஆகவே இந்த மலரை மாமா உங்கள் கையில் தரும்போது நானும் அம்மாவும் வீட்டில் இருக்க மாட்டோம். படையலை மாமா வைப்பார். தம்பி எங்கே என்று யாரும் குறையாக எண்ண வேண்டாம். பசிக்கிறவர்கள் காத்திருக்காமல் உட்காருங்கள். அம்மாவுக்கு ஓர் இலை மட்டும் கடைசிப் பந்தியில் போதும். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிடுவோம். வாசலை ஒட்டி யாரும் வண்டி நிறுத்தாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். வரும்போது அம்மாவால் அதிகம் நடக்க முடியாது.