கண்டக்டர் குரல்

என் மகளுக்குப் பதினைந்து வயது. ஆட்டிசம். தானாக ஒரு வாக்கியம் கோத்துப் பேச மாட்டாள். காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வாள். சொன்னவரின் குரல், இருமல், மூச்சு எல்லாம் அப்படியே வரும். கிளிப்பிள்ளை என்று சிரித்தவர்களை நான் வாசலோடு நிறுத்தியிருக்கிறேன். “அர்த்தமில்லாத பேச்சு, குறைக்கணும்” என்று ஒரு டாக்டர் சொன்னார். அர்த்தமில்லாமல் பேசும் பெரியவர்களை யார் குறைப்பது என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

அவள் அப்பா பஸ் கண்டக்டர். போன ஆடியில் டூட்டிக்குக் கிளம்பினார். செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மகள் அழவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் வாயே திறக்கவில்லை.

தி.நகரில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் கடையில் எனக்கு வேலை. ஒரு சாயங்காலம் மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பி, அவளைக் குடத்தோடு தெருக்குழாய்க்கு அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். கதவு தட்டப்பட்டது.

“யாரு?” என்றேன்.

“நான்தான். தொற.”

என் புருஷன் குரல். நாள் முழுக்கக் கத்திவிட்டு வீடு திரும்பும் அந்தக் கட்டைத் தொண்டை. கையிலிருந்த தீக்குச்சி விரலைச் சுடும்வரை நின்றேன். திறந்தால் மகள், இடுப்பில் குடம். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

சனிக்கிழமைகளில் அவளை அடையாறில் ஒரு மாடியறைக்குக் கூட்டிப்போவேன். அங்கே ஒரு டீச்சர் இவளைப் போன்ற பிள்ளைகளை வைத்து ஒலி நாடகம் போடுகிறார். வெறும் சத்தத்தில் கதை. முறத்தில் அரிசியை உருட்டினால் மழை. கொட்டாங்கச்சியைத் தட்டினால் குதிரை. என் மகள்தான் பஸ். பிரேக் போடுவாள், விசில் அடிப்பாள். இப்போது அவள் பஸ்ஸில் அப்பாவும் ஏறிக்கொண்டார். “படியில நிக்காத, உள்ள போ!” மற்ற பிள்ளைகள் உடனே நாற்காலியை நகர்த்துவார்கள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த அறையில் மட்டும்தான்.

இது சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கும் என் நாத்தனார் காதுக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம், கற்பூரம், நாலு சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினார். மகளை மணையில் உட்காரவைத்தார்.

“தம்பி, இன்னாடா வோணும் உனுக்கு? அக்கா கேக்கறேன், சொல்லுடா.”

“சில்லறையா குடு” என்றாள் மகள், அவள் அப்பா குரலில்.

நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டார். “கேட்டியா! சாமிக்குக் காசு முடிஞ்சி வச்சிட்டு மறந்துட்டு கீறான். அதான் ஆத்துமா அலையுது!”

மறு வெள்ளியும் வந்தார்கள், மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டு. ஒருத்தி தன் மகளுக்கு வரன் எப்போது அமையும் என்று கேட்டாள். இன்னொருவர் வீட்டுப் பத்திரம் பற்றிக் கேட்டார். மகள் காதைப் பொத்தினாள். அவர்கள் சத்தமாகக் கேட்டார்கள். அவள் தன் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது.

“எழுந்து போங்க அண்ணி. இவ என் பொண்ணு. குறி சொல்றவ இல்ல.”

“எந்தம்பி கொரல நீ மட்டும் வச்சிக்கினு கீறியா?” என்றார் நாத்தனார்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அது உண்மை.

குடம் நிரம்பியிருந்த நாளிலும் நான் அவளை வெளியே அனுப்பினேன். தட்டியதும் திறக்கமாட்டேன். யாரு என்று இரண்டு தடவை, மூன்று தடவை கேட்பேன். மூடின கதவில் நெற்றியை வைத்து, “சாப்ட்டீங்களா?” என்பேன். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. “இல்ல. எடுத்து வை.” ஒருநாள் எடுத்தும் வைத்தேன். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் மூன்று தட்டு. மூன்றாவது தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க, அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்கள் கேட்டது இரண்டு வெள்ளி. நான் தினமும் கேட்டேன்.

அதோடு அவள் பேச்சு நின்றது. மாடியறையிலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பஸ் இல்லை, விசில் இல்லை. அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷத்தை நாங்கள் தின்றுவிட்டோம்.

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எனக்குச் சமாதானம் சொல்லவில்லை.

“விளையாட வச்சிருந்த குரலை எல்லாருமா சேந்து வேலைக்கு அனுப்பிட்டீங்க.”

“இப்ப என்ன பண்றது?”

“எதுவும் கேக்காதீங்க. வாராவாரம் வந்து பாசஞ்சரா உக்காருங்க. கிளம்பினா கிளம்பட்டும்.”

நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டார்கள். மூன்று சனிக்கிழமைகள் கிளம்பாத பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் கதவைத் தாழ் போடாமல் விட்டுவைத்தேன்.

நாலாவது சனிக்கிழமை, வளர்ந்த பையன் ஒருவன் முறத்தில் மழை பெய்துகொண்டிருந்தான். சுவரோரத்திலிருந்து எஞ்சின் உறுமியது. யாரும் திரும்பவில்லை, டீச்சர் அப்படிப் பழக்கியிருந்தார். விசில். வரிசையில் காலடி நெருங்கியது. என் தோளுக்குப் பின்னால் அந்தக் குரல்.

“எங்க போணும்?”

சாப்பிட்டீங்களா என்று வாய்வரை வந்தது. பல்லைக் கடித்தேன். பிறகு, “மயிலாப்பூர் ஒண்ணு” என்றேன்.

நியூஸ்பேப்பரில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தாள். என்னைத் தாண்டிப் போனாள். மழைக்காரப் பையன் முன்னால் நின்றாள்.

“மழை, நீ டிக்கெட் எடுத்தியா?”

என் புருஷன் பிறந்ததிலிருந்து சொல்லாத வாக்கியம் அது. யாருமே சொல்லியிருக்க முடியாது. அவர் தொண்டையில் வேறு யாரோ உட்கார்ந்து பேசிய மாதிரி இருந்தது.

பையன் முறத்தை நிறுத்தினான்.

“மழைக்கு பாஸ் கீது” என்றான்.

அவள் யோசித்தாள்.

“சரி. உள்ள போ.”

பல்லெல்லாம் தெரிந்தது அவளுக்கு. முறத்தில் அரிசி மறுபடி உருண்டது.