கிரிக்கெட்டுக்காரர் செய்த ஹொக்கி உபயம்

மொன்றியலில் என் அத்தான் சேவியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட இன்று ஆளில்லை. தேவாலயத்தில் கோச். தமிழ்க் கடையில் கோச். பல் வைத்தியரின் வரவேற்பறையில் இருக்கும் பிள்ளைகூட, "கோச், உள்ளுக்குப் போங்கோ" என்கிறது. இதற்கு நெடுநாள் மசியாதவர்கள் இந்த நகரத்தில் இரண்டே பேர். ஒன்று நான். மற்றது என் அக்கா ஜென்சி, அதாவது கோச்சின் மனைவி. அக்கா அவரைக் கலியாணமான நாளிலிருந்து "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிட்டு வந்தாள். ஒரு கல்லூரி கொடுத்த பட்டத்தைத் தன் வாயால் சொல்லமாட்டேன் என்று ஒரு பிடிவாதம் அவளுக்கு. எனக்கும்தான்.

அத்தான் யாழ்ப்பாணத்துக் கடலோரக் குருநகரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் விளையாடினார் என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். விளையாடவில்லை. அணியில் இருந்தார். பன்னிரண்டாவது ஆள். பெரிய மட்சில் வெள்ளை உடுப்புப் போட்டுத் தண்ணீர் கொண்டு ஓடினார், யாருக்கும் கால் சுளுக்கவில்லை, ஆகவே பந்து பொறுக்கக்கூட அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. தொண்ணூறுகளில் இங்கே வந்தவர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார். யூனியன் உள்ள வேலை. முதுகு நொந்தாலும் சம்பளம் நோகவில்லை. கோடையில் ஞாயிறு பூசை முடிந்ததும் பூங்காவில் வெள்ளைத் தொப்பியோடு நடுவராக நிற்பார். அதுவரை அவரால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

கெடுதல் புனித ஒடிலோன் கல்லூரியிலிருந்து வந்தது. நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பழைய கல் கட்டடம். மழை பெய்தால் சிற்றாலயத்துக்குள் வாளி வைக்கவேண்டும். சில நூறு மாணவர்கள், பனித்தரையில் வழுக்கி ஆடும் ஒரு ஹொக்கி அணி, அந்த ஹொக்கி அணியைப் பற்றி நூறு வருடப் பெருமை. கூரைக்குக் காசில்லாத இடத்தில் ஐஸுக்கு மட்டும் எப்போதும் காசு இருந்தது. அதிபர் ஃபாதர் றோலண்ட் ஒரு ஞாயிறு எங்கள் தமிழ்ப் பூசைக்கு வந்து பிரசங்கம் வைத்தார். பூசை முடிந்து நிலவறை மண்டபத்தில் பற்றீசும் தேநீரும் எடுத்துக்கொண்டு நின்றபோது, இளைஞர்கள் கிரிக்கெட்டைப் பற்றிக் கதைப்பதைக் கேட்டார். இந்தியாவிலிருந்து படிக்க வருபவர்களும் இதைத்தான் விளையாடுவார்களா என்று விசாரித்தார். எல்லோரும் இதைத்தான் விளையாடுவார்கள் என்று அத்தான் அவருக்குச் சொன்னார். ஃபாதரின் கண் விரிந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நற்செய்தி கேட்டவரின் கண் அப்படி விரிந்து நான் கண்டதில்லை.

அடுத்த கோடைக்குள் கல்லூரிக்கு ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. அத்தானுக்குக் கருநீலக் கோட்டு ஒன்று கிடைத்தது, நெஞ்சில் மஞ்சள் நூலில் சிலுவை, முதுகில் கோச் என்று பெரிய எழுத்து. அந்தக் கோட்டுக்காக எயார்போர்ட் வேலையை விட்டார்.

"வேண்டாம். அரைவாசிச் சம்பளத்துக்கு ஆரும் போவினமோ?" என்று அக்கா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்.

"காசோ பெரிசு? வார்சிற்றி ரீம் ஜென்சி! கல்லூரி ரீமுக்கு நான் கோச்!"

வார்சிற்றி ரீம்தான். ஆனால் இந்த அணியோடு மோதுவதற்கு இந்தப் பக்கத்தில் வேறு கல்லூரி அணி ஒன்றும் இல்லை. ஆகவே அவர்கள் பூங்காவில் ரக்சிக்காரரோடும் உணவகச் சமையற்காரரோடும் ஆடினார்கள், அடிக்கடி தோற்றார்கள். ஆறேழு மாதம் பனி. அப்போது கூடைப்பந்துக்காரர் எழும்பமுதல் உடற்பயிற்சி மண்டபத்தில் பந்து போட்டுப் பழகினார்கள். ஒருமுறை பந்து பட்டு, கல்லூரியை நிறுவிய சுவாமியாரின் படக்கண்ணாடி உடைந்தது. அதற்கும் அத்தான் தன் கைக்காசைக் கொடுத்தார்.

கல்லூரியின் கணக்கு எனக்குப் புரிந்தது, ஏனென்றால் நான் கோட்டுப் போடவில்லை. ஹொக்கி விளையாட வருபவனுக்குக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. அவனுக்கு ஐஸ் வாடகைக்கு எடுக்கவேண்டும், ஒன்ராறியோ போக பஸ், படுக்க ஹோட்டல், மூன்று பயிற்சியாளர்கள். கிரிக்கெட் விளையாட வருபவன் திருநெல்வேலியிலிருந்தோ சேலத்திலிருந்தோ வெளிநாட்டுக் கட்டணத்தை முழுதாகக் கட்டி வருகிறான், மட்டையையும் தானே சுமந்துவருகிறான். பூங்கா நகரசபையினுடையது. பதினொரு பேர் விளையாடும் ஆட்டத்துக்கு நாற்பது பேரைச் சேர்த்தார்கள். மற்ற எல்லோருக்கும் அணிச் சட்டை கொடுத்து ஓரத்தில் இருத்தினார்கள், எல்லோரும் அத்தானைப்போலப் பன்னிரண்டாவது ஆட்கள். கிரிக்கெட் என்று சொல்லிப் பிள்ளை பிடித்து, பிடித்த பிள்ளையின் காசில் ஹொக்கி வழுக்கியது. கூட்டல் கழித்தல் தெரிந்த எவருக்கும் தெரியக்கூடிய விஷயம்.

அத்தானுக்குத் தெரியவில்லை. தெரிய விரும்பவில்லை என்றும் சொல்லலாம்.

பிடிபட்ட பிள்ளைகளில் ஒருவன் தமிழ்மாறன், திருநெல்வேலிப் பக்கம், வேகமாகப் பந்து போடுபவன். மூன்றாம் வருடமும் அணியில் இருந்தால் கட்டணத்தில் ஒரு பங்கைக் குறைப்போம் என்று கல்லூரி அவனுக்குச் சொல்லியிருந்தது. தகப்பனுக்கு ஆங்கிலம் வராது. அத்தான்தான் போனில் தமிழில் எடுத்துச் சொன்னார். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "அணி இருக்கும் ஐயா, அதுக்கு நான் பொறுப்பு" என்று ஒன்றைத் தன் பக்கத்திலிருந்து சேர்த்தும் விட்டார். அந்தத் தகப்பன் அதை நம்பிக் காணியை அடகு வைத்தார். கல்லூரியின் வாக்கு அன்றோடு அத்தானின் வாக்காகிப் போனது.

பிறகு ஒட்டாவா அரசாங்கம் மாணவர் விசாவை இறுக்கியது. புதுப் பிள்ளைகள் வரத்துக் குறைந்தது. ஃபாதர் அத்தானைக் கூப்பிட்டு, கிரிக்கெட் பெரிய செலவு, உங்கள் சமூகம் கைகொடுத்தால் மட்டுமே காப்பாற்றலாம் என்றார். அத்தான் வீட்டுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"பெடியள் கட்டின காசெல்லாம் எங்க போனது எண்டு கேட்டனீங்களோ?" என்றாள் அக்கா.

"சுவாமியிட்ட அப்பிடிக் கேக்கேலுமோ?"

குருநகரான் கடலோடு சண்டை பிடிப்பான், நேவியோடு சண்டை பிடிப்பான், சுவாமியிடம் மட்டும் கணக்குக் கேட்கமாட்டான். ஃபாதர் றோலண்ட் குருநகருக்குப் போனதில்லை. ஆனால் இது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

அத்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். சைவக் கோயிலானாலும் வேதக் கோயிலானாலும் திருவிழா என்றால் எங்களுக்கு உபயம் வேண்டும். இந்த நாள் இன்ன குடும்பத்தினுடையது என்று ஒலிபெருக்கியில் பெயர் சொல்லவேண்டும். பெயர் சொல்லாத இடத்துக்கு எங்கள் ஆட்கள் ஐந்து டொலர் கொடுக்க ஐந்து தரம் யோசிப்பார்கள். பெயர் சொன்னால் நகையையும் கழற்றுவார்கள். ஒருமுறை எடுத்த உபயத்தை விடவும் மாட்டார்கள், ஊரில் உபயத்துக்காகக் கோர்ட்டுக்குப் போன குடும்பங்கள் உண்டு. அத்தான் ஒவ்வொரு மட்சையும் ஒரு குடும்பத்துக்கு உபயமாகக் கொடுத்தார். பூங்காவில் ஒலிபெருக்கி கட்டி, "இன்றைய ஆட்டத்தின் உபயகாரர், கர்க்லாண்ட் அரியரத்தினம் குடும்பத்தினர்" என்று இழுத்து வாசித்தார். அரியரத்தினத்தின் மகன் மதுஷன் அந்த அணியில் இருந்தான், ஓரத்தில் இருந்தபடி பிரெஞ்சில் போன் கதைத்துக்கொண்டு. தகப்பன் பட்டு வேட்டியோடு வந்து நாணயம் சுண்டிவிட்டுப் போனார். செயின்ட்-மிஷேலில் வீடுகள் துப்புரவாக்கிப் பிழைக்கும் பாலாம்பிகை அம்மா, மகனுக்காக ஒரு அரை மட்சை எடுத்தார். அரை மட்சுக்கும் பெயர் முழுதாக வாசிக்கப்பட்டது.

காசு வந்து குவிந்தது. ஃபாதர் பூங்காவுக்கு வந்து, ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தால் ஒரு சாதி காசு கொடுக்கிறதே என்று அதிசயப்பட்டார். இவ்வளவு சுலபமான ஆட்களை அவர் தன் வாழ்நாளில் கண்டிருக்கமாட்டார்.

சித்திரை மாதம் கல்லூரியின் விளையாட்டு விருது விழா. உபயகாரர் எல்லோரையும் அழைத்திருந்தார்கள், வரும்போது சாப்பாடும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. நான்தான் ரோல்ஸ் தட்டுகளைக் காரில் ஏற்றி அத்தானோடு போனேன். சமையலறை வாசலில் தட்டோடு நிற்கும்போது தமிழ்மாறன் ஓடிவந்தான்.

"கோச், அப்பா போன் பண்ணாரு. அடுத்த வருஷம் டீம் இருக்கும்ல?"

"இருக்குமடா. இவ்வளவு உபயம் சேர்ந்திருக்கு. போய் இரு."

அவன் போன கையோடு ஃபாதர் வந்தார், கூடவே விளையாட்டுத்துறைப் பணிப்பாளர். பணிப்பாளர் அத்தானின் தோளில் கையைப் போட்டு, கிரிக்கெட்டுக்கு ஓர் ஓய்வு கொடுக்கிறோம் என்றார். வெளிநாட்டுப் பிள்ளைகள் வராத அணியை வைத்து என்ன செய்வது? அப்படியானால் பிள்ளைகளுக்குச் சொன்ன கட்டணக் குறைப்பு, என்று அத்தான் கேட்டார். அணி இருந்தால்தானே குறைப்பு என்றார் பணிப்பாளர். எங்கள் ஆட்கள் கொடுத்த காசு, என்று கேட்டார் அத்தான். அவர் ஒரு சுவாமியிடம் கேட்ட முதற் கணக்கு அதுதான். ஃபாதர் கண்களை மூடி, "விளையாட்டுத்துறை ஒரு குடும்பம், குடும்பத்தில் எல்லாம் பொது, உங்கள் கொடையால் ஹொக்கி இந்த வருடம் தப்பியது" என்றார். பிறகு, உபயகாரரின் பெயர்களை வழக்கம்போல நீதான் வாசிக்கவேண்டும், அவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும் என்றும் சொன்னார்.

எனக்கு அந்த ரோல்ஸ் தட்டை அவர் தலையில் கவிழ்க்கவேண்டும் போலிருந்தது. அத்தான் மேடைக்குப் போனார். போகிறாரே, இந்த ஆளுக்கு ரோசமே இல்லையா என்று நான் வெட்கத்தில் குறுகிப்போனேன்.

ஒலிவாங்கியைப் பிடித்துத் தொண்டையைச் செருமினார். தாளை எடுக்கவில்லை. தமிழில் தொடங்கினார்.

"உபயகாரர் எல்லாருக்கும் வணக்கம். ஆர் ஆர் எதுக்கு உபயம் செய்தனீங்கள் எண்டு இண்டைக்குச் சரியாய் வாசிக்கிறன். வடிவாய்க் கேளுங்கோ. ஹொக்கிப் பெடியள் இந்த வருசம் ஓடின ஐஸ். உபயம், கர்க்லாண்ட் அரியரத்தினம் குடும்பத்தினர்."

ஃபாதர் கைதட்டினார். ஹொக்கிப் பிள்ளைகளும் தட்டினார்கள். அரியரத்தினம் தட்டுவதற்குத் தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தார்.

"ஹொக்கி ரீம் ஒன்ராறியோவில படுத்த ஹோட்டல். உபயம், செயின்ட்-மிஷேல் பாலாம்பிகை அம்மாவும் மகனும். ஹொக்கி கோச்மார் மூண்டு பேற்ற சம்பளம். உபயம், திருநெல்வேலியில காணி அடகு வைச்ச தமிழ்மாறன்ர தாய் தகப்பன். அவையள் இண்டைக்கு இஞ்ச வரேல்லை. வந்திருந்தா நான் அவையின்ர காலில விழுந்திருப்பன்."

மண்டபத்தில் எங்கள் மேசைகளில் மட்டும் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. மற்ற மேசைகளில் ரோல்ஸ் போய்க்கொண்டிருந்தது.

"எங்கட கிரிக்கெட் ரீம். உபயம், ஒருத்தரும் இல்லை. அது முடிஞ்சுது. எனக்கு இப்பதான் குசினி வாசல்ல வைச்சுச் சொன்னவை." முதுகில் எழுத்துப் போட்ட கோட்டைக் கழற்றினார். "கடைசியாய் இந்தக் கோட்டு. உபயம், என்ர மனிசி ஜென்சி. எயார்போர்ட் வேலையை விடாதேங்கோ எண்டு சொன்னவ. நான் கேக்கேல்லை."

ஃபாதர் எழுந்து நின்று கைதட்டினார். அவரைப் பார்த்து ஹொக்கி மேசைகள் எல்லாம் எழுந்தன, விசிலும் அடித்தன. எங்கள் ஆட்களும் எழுந்தார்கள், தட்டவில்லை. முதலில் பாலாம்பிகை அம்மா தன் கட்லட் தட்டை ஹொக்கி மேசையிலிருந்து தூக்கினார். பிறகு எல்லோரும் அவரவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தோம். அரியரத்தினம் பணிப்பாளருக்கு முன்னால் நின்று, "உபயம் எங்கட. கணக்குப் பார்க்க வக்கீலோட வாறன்" என்று ஆங்கிலத்தில் ஒருமுறை, ஆத்திரத்தில் தமிழில் ஒருமுறை சொன்னார். அவர் அதைச் செய்வார், அவர் பரம்பரையே உபயத்துக்கு வழக்காடிய பரம்பரை.

வாசலில் ஃபாதர் அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கி, "இவ்வளவு உணர்ச்சியோடு நீ ஒருநாளும் வாசித்ததில்லை" என்றார்.

காரில் அத்தான் கழற்றிய கோட்டைக் கையில் வைத்திருந்தார். தமிழ்மாறன் பின் சீட்டில் மடியில் தட்டோடு இருந்தான். அவனுடைய தகப்பனுக்குப் போன் எடுத்து என்ன சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அத்தான் நாளைக்கே எயார்போர்ட்டுக்குப் போய்க் கேட்பார், எடுத்தாலும் புது ஆளாகத்தான் எடுப்பார்கள். அந்த முதுகோடு.

வீட்டில் அக்கா வேலை உடுப்போடு குசினியில் நின்றாள். யாரோ மேடையைப் போனில் படம் பிடித்து அனுப்பி, நாங்கள் வந்து சேரமுதல் அது ஊரெல்லாம் சுற்றி அவளிடமும் வந்துவிட்டது. கண் சிவந்திருந்தது. அத்தான் கோட்டை மடித்து மேசையில் வைத்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றார். இத்தனை வருடம் சேர்த்து வைத்ததை அவள் அன்று கொட்டியிருக்கலாம். நானாக இருந்தால் கொட்டியிருப்பேன்.

அக்கா மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தாள். தமிழ்மாறன் அறை வாசலில் தயங்கி நிற்பதைக் கண்டு நான்காவதையும் எடுத்தாள்.

"பிள்ளையையும் உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ," என்றாள். "கை கழுவிப்போட்டு வாங்கோ, கோச். சாப்பிடுவம்."